எந்தச் சமூகத்தின் நூலகம்?

1

‘சமூக வாழ்வில் நூலகங்களின் பங்கு’ என்றொரு தலைப்பு இருக்கிறது. பத்தாம் வகுப்புக் கட்டுரை நோட்டிலும் அதைப் பார்க்கலாம், நவம்பர் மாதத்து நூலக வார விழா மேடையிலும் கேட்கலாம். அறிவுத் திருக்கோயில், இரண்டாவது தாய்வீடு என்கிற ரீதியில் பேசி, பொன்னாடை போர்த்தி, காராபூந்தி கொடுத்துக் கலைந்துவிடுவார்கள். இந்தச் சொல்லாடலில் ‘நூலகம்’ பற்றிக் கொஞ்சமாவது பேச்சு இருக்கும். ‘சமூகம்’ என்ற சொல்லை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். அது எல்லாருக்கும் தெரிந்த, சிக்கலே இல்லாத, நல்ல சொல் என்று வைத்துக்கொண்டுதான் பேச்சு நகரும்.

எடப்பாடியில் அது அவ்வளவு வெள்ளந்தியான சொல் அல்ல. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் ‘நீங்க என்ன சமூகமுங்க?’ என்பார்கள். கேட்பவர் சமூகவியல் பேசவில்லை. திருமண மண்டபத்து வாசலில் ‘சமுதாயத்துக்குச் சொந்தமானது’ என்று எழுதியிருந்தால் அதற்கு முன்னால் ஒரு சாதியின் பெயர் இருக்கும். ‘சமுதாயப் பெரியவங்க பேசி முடிச்சிட்டாங்க’ என்றால் எந்தப் பெரியவர்கள், எதைப் பேசி, யாரை அடக்கினார்கள் என்பது கேட்பவனுக்கு விளங்கிவிடும். ஆங்கிலத்திலிருந்து வந்த ‘கம்யூனிட்டி’யும் இங்கே தாசில்தார் ஆபீசில் போய் அதே அர்த்தத்தில்தான் உட்கார்ந்துகொண்டது. கம்யூனிட்டி சர்டிபிகேட் என்றால் சாதிச் சான்றிதழ்.

ஆகவே நூலகம் சமூக வாழ்வுக்கு என்ன செய்கிறது என்ற கேள்வியை இந்தச் சேலம் - நாமக்கல் சமவெளியில் நின்று கேட்டால் அது வேறொரு கேள்வியாக மாறிவிடுகிறது. சமூகம் என்றாலே சாதியாக இருக்கிற ஊரில், எந்தச் சமூகத்துக்கும் சொந்தமில்லாத ஓர் அறை என்ன செய்யும்? அப்படியொரு அறை இருக்க முடியுமா?

எடப்பாடி போன்ற ஓர் ஊரில் கூரையும் சுவரும் உள்ள, ஆள் போய் உட்காரக்கூடிய இடங்களை எண்ணிப்பாருங்கள். கோயில் மண்டபம், கல்யாண மண்டபம், சங்கக் கட்டடம், கட்சி ஆபீஸ், தறிக்குடோன், டீக்கடை, பேக்கரி. முதல் மூன்றும் சாதிக்கணக்கில் வருபவை. கட்சி ஆபீசுக்குக் கட்சிக்காரர் போகலாம். தறிக்குடோன் முதலாளியுடையது. டீக்கடையில் டீ வாங்கவேண்டும், குடித்து முடித்ததும் எழுந்துவிடவேண்டும். எதையும் வாங்காமல், யாரையும் தெரிந்து வைத்திருக்காமல், இன்னார் மகன் இன்னார் மகள் என்று சொல்லாமல் இரண்டு மணி நேரம் விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்க இந்த ஊர்களில் ஓர் அறை உண்டென்றால் அது கிளை நூலகம்தான். நூலகம் பற்றி நாம் பேசவேண்டிய முதல் விஷயம் புத்தகம்கூட அல்ல, இந்த நாற்காலி.

2

இந்த நாற்காலிக்கு யார் காசு கொடுத்தது? இங்கே வரி என்கிற விஷயத்துக்குப் போகவேண்டியிருக்கிறது.

மாரியம்மன் நோம்பி சாட்டினால் ஊரில் தலைக்கட்டு வரி போடுவார்கள். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. வரி கொடுத்தவனுக்குச் சில உரிமைகள் உண்டு. நோம்பி முடிந்ததும் கணக்குக் கேட்கலாம். பந்தல்காரனுக்கு ஏன் இத்தனை, வாணவேடிக்கைக்கு ஏன் அத்தனை என்று சத்தம் போடலாம். ஆனால் இந்த வரியின் நிஜமான அரசியல் யாரிடம் வாங்குகிறார்கள் என்பதில் இல்லை. யாரிடம் வாங்குவதில்லை என்பதில் இருக்கிறது. பல ஊர்களில் காலனி வீடுகளில் வரி வாங்கமாட்டார்கள். ஏழைகள் என்று இரக்கப்பட்டு அல்ல. வாங்கினால் அவர்களும் ‘ஊர்’ ஆகிவிடுவார்கள், கணக்குக் கேட்பார்கள், தேர்வடத்தில் கைவைப்பார்கள். வரி மறுப்பு என்பது நாம் நினைப்பதுபோல் எப்போதும் கொடுப்பவன் செய்வதல்ல. வாங்குபவன் செய்கிற வரி மறுப்பும் உண்டு, சாதி அதைக்கொண்டுதான் தன் எல்லையைக் கிழித்துவைத்திருக்கிறது. பெண் தலைக்கட்டு ஆகமாட்டாள் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளவேண்டும்.

இப்போது வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரிக்குக் கீழே நூலக வரி என்று ஓர் இனம் இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறி 1950இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து ஏதோவொரு விகிதத்தில் இந்த வரி வசூலாகிக்கொண்டிருக்கிறது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.அரங்கநாதன் பல வருஷம் போராடியதன் பலன். நூலகம் யாரோ ஒரு ஜமீன்தாரின் தயவிலோ, தர்மகர்த்தாவின் மனநிலையிலோ நடக்கக்கூடாது, அதற்கென்று ஒரு வரி வேண்டும் என்பதில் அவர் விடாப்பிடியாக இருந்தார். கல்விமந்திரி அவினாசிலிங்கம் செட்டியார் அதைச் சட்டமாக்கினார்.

இந்த வரியை வாங்கும்போது காலனி வீடு, தெருவீடு என்ற பேதம் இல்லை. விதவையின் வீட்டுக்கும் உண்டு. சொந்த வீடு இல்லாத தறிக்காரர் வாடகையின் வழியாக அதைக் கட்டுகிறார். எல்லாரிடமும் வாங்கப்படுகிற, யாரிடமும் வேண்டாமென்று சொல்லப்படாத ஒரே ஊர் வரி என்று இதைச் சொல்லலாம். தலைக்கட்டு வரி ஓர் ஊரைக் கட்டுகிறது, அதே கையோடு சிலரை வெளியே தள்ளுகிறது. நூலக வரி, காகிதத்திலாவது, யாரும் வெளியே இல்லாத ஓர் ஊரைக் கற்பனை செய்கிறது. அரங்கநாதனின் ஐந்து விதிகள் 1931இல் வந்தவை. அவற்றில் வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல் என்ற விதியை நூலகத்துறைக்காரர்கள் அட்டவணை, பகுப்பு எண் என்று தொழில்நுட்பமாகவே படித்துப் பழகிவிட்டார்கள். ‘ஒவ்வொருவருக்கும்’ என்ற சொல் இந்த மண்ணில் ஒரு தொழில்நுட்பச் சொல் அல்ல.

ஆனால் நோம்பிக் கணக்கில் நூறு ரூபாய் உதைத்தால் பஞ்சாயத்துக் கூடுகிற நம்மூரில், நூலக வரிக்குக் கணக்குக் கேட்ட ஒரு ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம். வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் உரிய காலத்தில் ஒப்படைப்பதில்லை என்பது பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வருகிற குற்றச்சாட்டு. செய்தித்தாளில் ஒரு பத்தி வரும், போகும். கொடுத்தவனுக்கே கொடுத்தது தெரியாது.

3

தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. நூலகச் சுவரையே ஒரு பிரதியாக வாசிக்கலாம். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது புரவலர் பலகை. ஆயிரம் ரூபாய் செலுத்தியவர் புரவலர். அதற்கு மேல் செலுத்தினால் பெரும்புரவலர், கொடையாளர் என்று படிநிலை. பெயரை வெள்ளை பெயிண்டில் எழுதி மாட்டியிருப்பார்கள். ஆயிரம் ரூபாய் கொடுத்தவர்கள்மேல் நமக்கு எந்தக் கோபமும் இல்லை. பலர் ஓய்வுபெற்ற வாத்தியார்கள், நல்ல மனசுக்காரர்கள். பிரச்சினை பலகையின் மொழி. வருஷாவருஷம் வரி கட்டுகிற ஆயிரக்கணக்கானவர்கள் அந்தச் சுவரில் இல்லை. ஒருமுறை கொடுத்த சிலர் இருக்கிறார்கள். உரிமையாக இருக்கவேண்டியதைக் கொடையாகக் காட்டுகிற வேலையை அந்தப் பலகை சத்தமில்லாமல் செய்கிறது. கோயிலில் டியூப்லைட்டின்மேல் உபயம் என்று எழுதி வெளிச்சத்தை மறைக்கிற அதே கலாச்சாரம்.

அரசும் இந்த மொழியில்தான் பேசுகிறது. நூலகம் தலைவர் பெயரில், ஆட்சியின் சாதனையாக வருகிறது. 2006-2011 ஆட்சியில் ‘அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம்’ வந்தது. தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளிலும் ஒரு நூலகக் கட்டடம் என்றார்கள், கட்டவும் செய்தார்கள். இது சின்ன விஷயம் அல்ல. ஆனால் ஆட்சி மாறியதும் பல கட்டடங்களில் பூட்டுத் தொங்கியது. பின்னால் சில பழுதுபார்த்துத் திறக்கப்பட்டன. அதே காலத்தில், 2010இல் கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக 2011இல் அறிவிப்பு வந்தபோது எழுத்தாளர்களும் மாணவர்களும் கொதித்தெழுந்தார்கள். வழக்குப் போட்டார்கள், உயர்நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் பிழைத்தது. அந்தக் குரல் நியாயமானது. ஆனால் அந்தக் குரலில் பத்தில் ஒரு பங்குகூட ஊராட்சி நூலகத்துப் பூட்டுக்காக எழவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். எட்டு மாடிக் கட்டடம் என்றால் அது பண்பாடு. ஒற்றை அறை என்றால் அது பஞ்சாயத்து கிளார்க் விவகாரம்.

இன்னொன்று, அந்த ஒற்றை அறை எங்கே இருக்கிறது என்பது. ஊருக்குள்ளா, காலனியிலா, இரண்டுக்கும் நடுவிலா? அடுத்தமுறை ஒரு கிராமத்துக்குப் போகும்போது பாருங்கள். மாரியம்மன் கோயிலை ஒட்டி நூலகம் இருந்தால், காலனிப் பையன் ஒருவன் அங்கே போய்த் தினத்தந்தி படிக்க எத்தனை திண்ணைகளைத் தாண்டவேண்டும், எத்தனை ‘ஏண்டா இங்க?’க்களுக்குப் பதில் சொல்லவேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பகுப்பு எண்ணைவிட இந்தக் கணக்கு முக்கியமானது.

4

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். அரசு நூலகத்தை விடுங்கள் தோழர், நம்ம வாசிப்பு மரபே வேற, சலூனிலும் டீக்கடையிலும் வளர்ந்தது அது என்பார்கள். உண்மைதான். இந்த மாவட்டத்துக்கு அந்த வரலாற்றில் தனி இடமே உண்டு. 1944இல் சேலம் மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகமாயிற்று. அதற்குப் பிந்திய இருபது வருஷங்களில் தமிழ்நாடெங்கும் ஊருக்கு ஊர் படிப்பகங்கள் முளைத்தன. ஓலைக் கொட்டகை, ஒரு பெஞ்சு, நாலு பத்திரிகை. எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், தெரியாத பத்துப்பேர் கேட்பார்கள், கேட்டுவிட்டுச் சண்டை போடுவார்கள். பொதுவுடைமைக் கட்சிக்காரர்களும் நெசவாளர் பகுதிகளில் இதையே செய்தார்கள். வாசிப்பு என்பது தனியாள் காரியமாக, மௌனமாக இருக்கவேண்டியதில்லை என்று காட்டியவை அந்தக் கொட்டகைகள். ‘அமைதி காக்கவும்’ என்று பலகை மாட்டிய அரசு நூலகத்தால் அந்த இடத்தை நிரப்ப முடியவில்லை.

ஹேபர்மாஸ் 1962இல் எழுதிய பொதுமண்டலம் பற்றிய நூல் 1989இல் ஆங்கிலத்துக்கு வந்தபிறகு, ஐரோப்பியக் காப்பிக்கடைக்கு நம்மூர்ச் சமானமாக டீக்கடையைக் காட்டி எழுதுவது ஒரு வழக்கமாயிற்று. அதிலே ஒரு சௌகரியம் இருக்கிறது, ஒரு மறதியும் இருக்கிறது. நான்சி ஃப்ரேசர் 1990இலேயே ஹேபர்மாஸிடம் கேட்டார்: அந்தப் பொதுமண்டலத்துக்கு வெளியே யார் நிறுத்தப்பட்டார்கள், அவர்கள் தங்களுக்கென்று வேறு மண்டலங்களைக் கட்டிக்கொள்ளவில்லையா? இந்தக் கேள்வியை நம் டீக்கடையிடம் கேட்டால் என்ன பதில் வரும்? இரட்டைக் குவளை. கண்ணாடி டம்ளர் ஒரு பக்கம், சிரட்டையோ அலுமினிய டம்ளரோ இன்னொரு பக்கம். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தவர் ஒருவர், தள்ளிக் குத்துக்காலிட்டுக் கேட்டவர் இன்னொருவர். சலூன்? கொங்கிலும் சேலத்திலும் எத்தனையோ கிராமங்களில் தலித்துகளுக்கு முடிவெட்ட மறுத்த சலூன்களில்தான் சுயமரியாதைப் பத்திரிகை வாசிக்கப்பட்டது. இது திராவிட இயக்கத்தை மட்டம் தட்டுவதற்காகச் சொல்வதல்ல. அந்த இயக்கம் இல்லாவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்கும் மொழியே கிடைத்திருக்காது. ஆனால் மக்கள் வாசிப்பிடங்கள் என்று நாம் கண்கலங்கி நினைவுகூரும் இடங்களுக்கு ஒரு வாசல் இருந்தது, அந்த வாசலுக்கு ஒரு காவலும் இருந்தது. பெண்கள் அங்கே எப்போதும் இல்லை என்பதைத் தனியே சொல்லவும் வேண்டுமா?

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தங்கள் மண்டலத்தைத் தாங்களே கட்டினார்கள். 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ சென்னையிலிருந்து கோலார் தங்கவயல் வரை ஒரு வாசகர் உலகத்தை உண்டாக்கியது. விலையே தலைப்பில் இருந்தது. யார் வாங்கமுடியும் என்ற கேள்விக்கு அட்டையிலேயே பதில் சொன்ன பத்திரிகை. பிற்காலத்தில் காலனிகளில் எழுந்த அம்பேத்கர் மன்றங்களும் இரவுப் பாடசாலைகளும் அதன் வழிவந்தவை. நூலகத்துறை எழுதுகிற நூலக வரலாற்றில் மன்னார்குடியில் 1931இல் ஓடிய மாட்டுவண்டி நூலகம் வரும், வரவும் வேண்டும். காலனி மன்றத்தின் தகர அலமாரி அதில் வந்ததாகத் தெரியவில்லை.

5

புத்தகக்கடைக்கு வருவோம். எடப்பாடி அளவுள்ள ஊர்களில் ‘புத்தகக்கடை’ என்றால் நோட்டுப் புத்தகம், கோனார் உரை, வினா வங்கி, ஜாமெட்ரி பாக்ஸ். ஜூன் மாதம் வியாபாரம், மீதி மாதம் ஜெராக்ஸ். இதை ஏளனம் செய்வது சென்னைக்காரர்களுக்கு எளிது. அந்தக் கடையில் கோனார் உரை வாங்கித்தான் ஒரு தலைமுறை முதன்முதலாகப் படியேறியது. இலக்கியம் வேண்டுமென்றால் சேலத்துக்கோ ஈரோட்டுக்கோ பஸ் ஏறவேண்டும். அல்லது நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வண்டி வந்து நின்றால் உண்டு. சோவியத் யூனியன் இருந்த வரைக்கும் அந்த வண்டியில் கெட்டி அட்டை நாவல் டீக்காசுக்குக் கிடைத்தது. 1991க்குப் பிறகு அதுவும் போயிற்று. 2005இலிருந்து ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை நடத்துகிற புத்தகத் திருவிழாவும், பிறகு மாவட்டந்தோறும் அரசே நடத்தத் தொடங்கிய புத்தகக் கண்காட்சிகளும் வந்தன. கூட்டம் வருகிறது, விற்பனையும் ஆகிறது. ஆனால் திருவிழா பத்து நாள். மற்ற நாட்களில் புத்தகம் எங்கே இருக்கிறது, அதை யார் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

கடை என்பதில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. கடைக்கு முதலாளி உண்டு. அவர் ஊருக்குள் இருப்பவர், ஊரோடு ஒத்துவாழவேண்டியவர். எடப்பாடியிலிருந்து சங்ககிரி தாண்டினால் திருச்செங்கோடு. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்த நாவல். நாலு வருஷம் கழித்து, 2014 டிசம்பரில், அங்கே அதைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். 2015 ஜனவரி 9 அன்று ஊரே கடையடைத்தது. 12ஆம் தேதி நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை. நிபந்தனையற்ற மன்னிப்பு, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுதல் என்று எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்தது அதற்குப் பிறகுதான். 2016 ஜூலை 5இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்து, அவரைத் திரும்ப எழுதச் சொன்னது.

இந்தச் சம்பவத்தைக் கருத்துச் சுதந்திரப் பிரச்சினையாகப் பேசி முடித்துவிட்டோம். நூலகக் கண்ணோட்டத்தில் அதில் இன்னொரு பாடம் இருக்கிறது. நாவலை எதிர்த்து நின்றது ‘சமூகம்’தான். கடையடைப்பு நடத்தியதும் சமூகம்தான். ‘நூலகமும் சமூகமும்’ என்று கைகோத்துப் பாடுகிற கட்டுரைகள் இந்த இடத்தில் வாயடைத்துப்போகும். ஊரே ஒன்றுகூடிக் கடையை மூடுகிற நாளில் கடைக்காரர் ஒரு நாவலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிற்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது அவர்மேல் நாம் ஏற்றுகிற அநியாயச் சுமை. அவருக்குச் சம்பளம் தருவது அந்த ஊர். ஆனால் நூலகத்தின் அலமாரியில் இருக்கும் பிரதிக்கு அந்த ஊர் மட்டும் காசு கொடுக்கவில்லை. வெளியே நிறுத்தப்பட்டவர்களும் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பிரதியை எடுத்துவிடச் சொல்ல எந்தச் சமூகத்துக்கும் தனியுரிமை கிடையாது. புத்தகக்கடை சந்தையின் தைரியத்தை நம்பி இருக்கிறது. நூலகம் சட்டத்தை நம்பி இருக்கமுடியும், இருக்கவேண்டும்.

6

அப்படியானால் நூலகத்தை மக்களிடமே ஒப்படைத்துவிடலாமே என்று செயல்பாட்டுத் தோழர்கள் கேட்பார்கள். பக்கத்தில் கேரளத்தைக் காட்டுவார்கள். 1945இல் பி.என்.பணிக்கர் முயற்சியில் திருவிதாங்கூரில் கிரந்தசாலை சங்கம் தொடங்கியது. அங்கே கிராம நூலகங்கள் உள்ளூர் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிற குழுக்களால் நடத்தப்படுகின்றன. 1989ஆம் வருஷச் சட்டத்தில் வந்த மாநில நூலகக் கவுன்சில்கூட அந்த நூலகங்களின் பிரதிநிதிகளைக் கொண்டு எழுவது. தமிழ்நாட்டில் நேர் தலைகீழ். இங்கே நூலகம் ஒரு துறை. புத்தகம் சென்னையில் தேர்வாகி வருகிறது. ‘லைப்ரரி ஆர்டர்’ என்ற ஒன்றை நம்பியே பதிப்பாளர்கள் புத்தகம் போட்ட காலங்கள் உண்டு. வாசகனே இல்லாமல் ஆயிரம் பிரதி விற்றுத் தீர்ந்த விந்தையை உலகத்தில் வேறெங்கும் பார்க்கமுடியாது. எடப்பாடித் தறிக்காரருக்கு என்ன வேண்டும் என்று எடப்பாடியில் யாரும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய வாசகர் வட்டம் என்ற அமைப்பு பெயரளவில் இருக்கிறது. விழா எடுக்கவும் சால்வை வாங்கவும்.

யாழ்ப்பாணத்தையும் நினைக்கவேண்டும். 1933இல் கே.எம்.செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சின்ன முயற்சி, ஊர்மக்கள் சேர்த்த பணத்திலும் புத்தகத்திலும் வளர்ந்து, 1959இல் திறந்த பெரிய கட்டடமாயிற்று. அதற்கும் ஆலோசனை சொன்னவர் நம் அரங்கநாதன்தான். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. எரித்தவர்களுக்கு அது யாருடையது என்று தெளிவாகத் தெரிந்திருந்தது. ஒரு மக்கள் தாங்கள் கட்டியது என்று உணர்கிற நூலகத்தைத்தான் எதிரியும் அடையாளம் காண்கிறான். நம் நூலகங்களை யாரும் எரிக்கவேண்டிய அவசியமே இல்லை. பூட்டினால் போதும், ஊர் கவனிக்காது.

ஆக, ஒரு பக்கம் யாருக்கும் சொந்தமில்லாததுபோல் கிடக்கிற துறை நூலகம். இன்னொரு பக்கம் மக்களுக்குச் சொந்தமான நூலகம். இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கலாமே என்றால், இந்தச் சமவெளியில் அது எளிதல்ல. இங்கே ‘ஊர்க்குழு’ என்று ஒன்றைப் போட்டால் அதில் யார் தலைவர், யார் பொருளாளர் என்பது போடுவதற்கு முன்னாலேயே தெரியும். சங்கத்தில் இருக்கிறவர்களே இங்கேயும் வந்து உட்காருவார்கள். கூட்டாகக் காரியம் செய்யத் தெரியாதவர்கள் அல்ல இந்த ஊர்க்காரர்கள். தைப்பூசம் கழித்துப் பழனிக்கு நடந்துபோய் மலைமேல் இரவு தங்கிப் பஞ்சாமிர்தம் செய்கிற எடப்பாடிக் காவடிக் கூட்டத்தின் ஏற்பாட்டைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். பணம் சேர்க்கவும், வேலை பகிரவும், கணக்கு ஒப்படைக்கவும் இங்கே நெடுநாள் பழக்கம் உண்டு. ஆனால் அந்தப் பழக்கம் முழுவதும் சமூகத்துக்கு உள்ளே வளர்ந்தது. சமூகத்தைத் தாண்டி அதைச் செலுத்துவதற்கு நமக்குப் பயிற்சி கிடையாது. அரசு நூலகத்தின் அந்த அலட்சியமான, முகமற்ற தன்மை, ‘நீ யார்?’ என்று கேட்காத சோம்பேறித்தனம், ஒருவகையில் காலனிப் பையனுக்குப் பாதுகாப்பாகவும் இருக்கிறது. இந்த முரணைக் கணக்கில் எடுக்காத எந்த நூலக இயக்கமும் கடைசியில் இன்னொரு சாதிச் சங்கமாகத்தான் முடியும்.

எனவே தேவைப்படுவது உடைமை மாற்றம் அல்ல. வரி கொடுத்தவரின் உரிமையை நிலைநாட்டுவது. தலைக்கட்டு வரியிடமிருந்து கணக்குக் கேட்கும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம், அதன் எல்லைக்கோட்டை அங்கேயே விட்டுவிடலாம்.

7

இப்போது யார் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம். தமிழ்நாட்டில் எந்தச் சிறுநகர நூலகத்துக்குள் போனாலும் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற இளைஞர்கள், இளம்பெண்கள். தங்கள் பையில் தாங்களே கொண்டுவந்த கைடு. அலமாரியில் உள்ள புத்தகத்தைத் தொடுவதேயில்லை என்று இலக்கியவாதிகள் சலித்துக்கொள்கிறார்கள். ‘லைப்ரரி டியூஷன் சென்டராப் போச்சு’ என்ற பெருமூச்சைச் சிறுபத்திரிகைக் கூட்டங்களில் கேட்கலாம்.

இந்தப் பெருமூச்சுக்குள் ஒரு வர்க்கமும் ஒரு சாதியும் ஒளிந்திருக்கின்றன. வீட்டில் தனி அறையும் மேசையும் இருப்பவனுக்கு நூலகம் என்றால் புத்தகம். அட்டாலி வரைக்கும் சாமான் அடுக்கிய ஒற்றை அறையில், பக்கத்து வீட்டு விசைத்தறி ராத்திரி பகலாகத் தடதடக்கிற தெருவில், நாலுபேரோடு குடியிருப்பவளுக்கு நூலகம் என்றால் முதலில் ஒரு மேசை, ஒரு விசிறி, ஒரு மௌனம். ‘எங்கடி போற?’ என்று கேட்டால் வீட்டுக்குச் சொல்லக்கூடிய ஒரு பதில். கல்யாணத்தைத் தள்ளிப்போட ஒரு காரணம். இட ஒதுக்கீடு என்ற சமூகநீதி ஏற்பாடு ஓர் உடம்பாக வந்து உட்கார்ந்திருக்கிற காட்சி அது. அவள் நாவல் படிக்கவில்லை என்று குறைசொல்வதற்கு முன்னால், அவளுக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒரு பேச்சு தொடங்க நாம் என்ன செய்தோம் என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

அந்த அறைக்குள் இன்னும் வராதவரும் இருக்கிறார். விசைத்தறியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். காலையில் போனவர் பஞ்சுத்தூசி படிந்த தலையோடு இரவில் வெளியே வருகிறார். அதற்குள் நூலகம் சாத்தியாகிவிடுகிறது. இவருடைய வாடகையிலும் நூலக வரி இருக்கிறது. வாசிப்புப் பழக்கம் குறைந்துவிட்டது என்று ஆண்டுதோறும் புலம்புகிறவர்கள் ஒருமுறையாவது தறிக்குடோன் ஷிப்ட் நேரத்தையும் நூலக நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்களா? ‘பழக்கம்’ என்ற சொல்லுக்குள் பழியைத் தூக்கி வாசகன் தலையில் போடுகிற தந்திரம் இருக்கிறது. பிரச்சினை பழக்கம் அல்ல, கதவு.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள் எழுதுகிறவர்கள், இயக்கங்களில் இருக்கிறவர்கள். ஆகவே செய்யத்தக்க சிலவற்றைச் சொல்லிவிடலாம். உங்கள் நகராட்சியோ ஊராட்சியோ கடந்த ஐந்து வருஷங்களில் எவ்வளவு நூலக வரி வசூலித்தது, எவ்வளவை நூலக ஆணைக்குழுவிடம் கட்டியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடலாம். 2005இலிருந்து கையில் இருக்கிற சட்டம், பத்து ரூபாய் செலவு. வந்த பதிலை நூலக வாசலில் ஒட்டலாம். புரவலர் பலகைக்குப் பக்கத்தில், இந்த ஊர்மக்கள் இவ்வளவு வரி கட்டி நடத்துகிற நூலகம் இது என்று ஒரு பலகை வைக்கச் சொல்லலாம். வாசகர் வட்டத்தை விழாக்காரர்களிடமிருந்து மீட்டு, அதில் பாதியிடம் பெண்களுக்கும், காலனிக்கு உரிய இடம் காலனிக்கும் என்று எழுதிவைத்துக்கொள்ளலாம். எழுதிவைக்காவிட்டால் அது யார் கைக்குப் போகும் என்று மேலே பார்த்தோம். வாரத்தில் இரண்டு நாளாவது இரவு பத்து மணிவரை திறக்கவேண்டும் என்று கேட்கலாம், அதற்கு நூலகருக்குத் துணையாள் கேட்கலாம். ஒற்றை ஆளாகக் கிளை நூலகத்தை இழுத்துக்கொண்டிருக்கிற நூலகர்கள் நம் எதிரிகள் அல்ல. வாங்கப்படாத நூல்களின் பட்டியலை வாசகர்களிடம் எழுதி வாங்கி, மாதாமாதம் அனுப்பலாம். பாதி மேலே போகும் வழியில் தொலையும். அனுப்பிய தேதி மட்டுமாவது நம் கையில் இருக்கும்.

இதெல்லாம் ரொம்பச் சின்ன விஷயம், மனு அரசியல் என்று தோன்றலாம். தோன்றட்டும். ‘உங்க வரி வேண்டாம்’ என்று சொல்லியே ஒரு பகுதி மக்களை நூற்றாண்டுகளாக வெளியே நிறுத்திய ஊர்களில், அவர்களிடமும் சேர்த்து வாங்கிய ஒரு வரிக்குக் காலனியும் தெருவும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுக் கணக்குக் கேட்டால் அந்த மனுவுக்கு ஒரு பெயர் வைக்கவேண்டிவரும். அந்தக் கையெழுத்துகள் வேண்டுமானால் ‘சமூகம்’ என்று அழைக்கப்படலாம். அதுவரைக்கும் மேடையில் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால், எந்தச் சமூகமுங்க என்று எழுந்து கேட்கத்தான் வேண்டும்.